வெள்ளிக்கிழமைக் கறித்தட்டு

வாரபீன்,
5 பிப்ரவரி 1996

அன்புள்ள கெரின்,

நீ ஹங்கேரிப் பனியில் உறைந்துகொண்டிருப்பாய். நாங்கள் இங்கே வெந்துகொண்டிருக்கிறோம். நேற்று நாற்பத்திரண்டு டிகிரி. ஸ்டேடியத்தின் தகரக் கூரைக்குக் கீழே கூடைப்பந்துப் பயிற்சி என்றால் கேட்கவே வேண்டாம். கோச் லோரி பாதியில் வெளியே போய்க் குழாயைத் திறந்து தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றார், திரும்பி வரவே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கிளப்புக்குப் புதுத் தலைவர் வந்துவிட்டார். டெஸ் ட்ரெவாரோ. ஆமாம், பப் வைத்திருக்கும் அதே டெஸ்தான், மூக்கைச் சுளிக்காதே. போன வருஷம் நம் வாரபீன் நாரைகள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் நம் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் எதிரணியின் சொந்தக்காரர்கள். இப்படியே போனால் லீக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள். டெஸ் ஒருவர்தான் ஸ்பான்ஸர் செய்கிறேன் என்றார்.

அவருக்கு இரண்டு நிபந்தனை. ஒன்று, புது உடை. மேலும் கீழும் சேர்ந்து ஒரே துணியாக, உடம்போடு ஒட்டி வரும். மற்ற அணிகளும் போட ஆரம்பித்துவிட்டன, நாம் மட்டும் தொளதொளவென்று அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் மாதிரி இருக்கிறோமாம். இரண்டு, வெள்ளிக்கிழமைக் கறித்தட்டு. இதுவரை முறை வைத்து இரண்டு பேர் ட்ராக் சூட்டில் பப்புக்குப் போய்க் குலுக்கல் சீட்டு விற்றோம். இனி எல்லா ஆட்டக்காரிகளும் வர வேண்டும், புது உடையில். பரிசு வழக்கமான கறித்தட்டுதான்: சாப்ஸ், சாசேஜ், ஒரு ரோஸ்ட். அதைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாகப் போய்ச் சீட்டு விற்க வேண்டும். ஒரு மணி நேர வேலை.

தையலுக்கு உன் அளவுகளை அனுப்பு. அங்கே நீ ஆடும் கிளப்பில் டிரெய்னர் இடுக்கியை வைத்து ஏழு இடத்தில் கொழுப்பைக் கிள்ளி எடுக்கும் அளவு இருக்குமே, அதையும் அனுப்பு. டிரெஸ்ஸிங் ரூம் சுவரில் அட்டவணை போட்டிருக்கிறேன். உன் பெயருக்கு எதிரே மட்டும் காலி.

லோரி சொல்கிறார், இந்த வருஷம் நமக்குக் கோப்பை எட்டும் தூரம்தான் என்று. மில்டுராவிலிருந்து கார்லா மினெல்லா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள், பதினெட்டு வயது, என்ன குதி குதிக்கிறாள் என்கிறாய். நீயும் வந்தால் நடக்கும். எண்பத்தேழில் நான் கேப்டனாக இருந்தபோது ஒரு பாயிண்டில் ஃபைனல் போயிற்று. கடைசி இரண்டு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டது யார் என்று நான் எழுதப் போவதில்லை.

உன் அக்கா
ரேலீன்


சோப்ரான், ஹங்கேரி,
17 பிப்ரவரி 1996

அக்கா,

எழுதப் போவதில்லை என்று எழுதியே விட்டாய். நன்றி.

உன் கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எனக்கு வயிற்றைப் புரட்டுகிறதோ என்று பயந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினாள். முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

அளவு அனுப்ப மாட்டேன். எனக்கு முப்பத்தொரு வயது. பதினோரு சீசனாக அந்தத் தகரக் கொட்டகையில் ஆடுகிறேன். இரண்டு கணுக்காலிலும் ஆபரேஷன் ஆயிற்று, முன்பல் ஒன்று பொய்ப்பல். உங்கள் வாரபீன் ஜனங்களுக்கு என் ஆட்டத்தைப் பார்க்க வரத் தோன்றவில்லை என்றால், உன் புது உடை என்கிற தவளைத்தோலை நான் போட்டுக்கொண்டு வந்து என் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லி அழைக்க வேண்டுமா? அப்படி வருகிறவன் ரீபவுண்டையா எண்ணப் போகிறான்?

டெஸ் ட்ரெவாரோவை எனக்கு நன்றாகத் தெரியும். எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, "இவ்வளவு உசரமா இருக்கியே, உன்னைக் கட்டிக்கறவன் ஏணி வாங்கணுமே" என்று பப் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னவன். எல்லோரும் சிரித்தார்கள். பன்னிரண்டு வருஷமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதே ஜோக்கைச் சொல்கிறான்.

எனக்குக் கோப்பை வேண்டும். உனக்கு எவ்வளவு வேண்டுமோ அதைவிட அதிகம் வேண்டும். இதுதான் என் கடைசி சீசன், அதைத் தொடாமல் போனால் மீதி வாழ்க்கை முழுக்க அந்த இரண்டு ஃப்ரீ த்ரோவைத்தான் போட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் ஒன்று செய். பெண்களை உட்காரவைத்து ஓட்டெடு. வேண்டாம் என்றால் கமிட்டியிடம் போய் வேண்டாம் என்று சொல். நீ மேனேஜர். அதற்குத்தான் மேனேஜர். நான் ஏப்ரலில் வரும்வரை ஆர்டர் கொடுக்காதே.

கெரின்


வாரபீன்,
2 மார்ச் 1996

கெரின்,

ஓட்டெடுத்தேன். எல்லோரும் சரி என்றார்கள். ஒருத்தி கூட மறுக்கவில்லை. காலம் மாறிவிட்டது, உனக்குத்தான் தெரியவில்லை.

ஆர்டரும் கொடுத்தாகிவிட்டது, தையல்காரர் காத்திருக்க மாட்டேன் என்றார். உன் அளவை நானே போட்டேன். சின்ன வயதிலிருந்து உன் பாவாடைக்கு மடிப்புப் பிரித்தவள் நான், எனக்குத் தெரியாத அளவா? ஆட்டக்காரிகளின் சம்மதக் கடிதத்திலும் உனக்காக நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் கையெழுத்து ஒன்றும் பெரிய வித்தை இல்லை, கோழி கிளறினது மாதிரி இருந்தால் போதும். கோபப்படாதே. கமிட்டிக் கூட்டம் வியாழக்கிழமை, உன் கடிதம் வந்தது புதன்கிழமை. கேப்டன் கையெழுத்து இல்லை என்றால் டெஸ் விலகியிருப்பார்.

நீ வருஷத்தில் பாதி ஐரோப்பாவில் இருக்கிறாய். முழங்கால் போன பிறகு எனக்கு இந்தக் கிளப்பைத் தவிர என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார். பள்ளிக்கூட கேன்டீனும் இந்தக் கிளப்பும்தான். கிளப் மூடினால் சனிக்கிழமைகளில் நான் என்ன செய்வேன், புல் வெட்டுவேனா?

வா. உன் கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கி வைத்திருக்கிறேன், கால் வெளியே நீட்டாத அளவில்.

ரேலீன்


வாரபீன், ஹை ஸ்ட்ரீட்,
20 ஏப்ரல் 1996

ரேலீன்,

தபால்தலை ஒட்டவில்லை, உன் லெட்டர் பாக்ஸில் நானே போட்டுவிட்டுப் போகிறேன். புது மெத்தையை வேறு யாருக்காவது கொடு. கார்லாவின் அறையில் இன்னொரு கட்டில் காலியாக இருக்கிறது, அங்கே இருந்துகொள்கிறேன். உன்னிடம் நேரில் பேசினால் வாயில் வரக்கூடாதது வரும், அதனால் எழுதுகிறேன்.

நேற்று அந்த பப்பில் நடந்ததை நீ பார்க்காதது மாதிரி எழுதப் போகிறேன். ஏனென்றால் நீ பார்த்தது போலவே நடந்துகொள்ளவில்லை.

பத்துப் பேர் தவளைத்தோலில் வரிசையாக நின்றோம். குளிர், கை கால் எல்லாம் புல்லரித்து நின்றது. நானும் போட்டுக்கொண்டுதான் நின்றேன், ஒரு தடவை பார்ப்போம் என்று. ஒவ்வொருத்தி கையிலும் ஒரு தட்டு, ஈரக் கறி, பிளாஸ்டிக் தாளுக்குக் கீழே ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. டெஸ் மேடையில் ஏறி, "வாங்கப்பா, வாங்க, தட்டுல இருக்கிறதும் ஃப்ரெஷ்ஷு, தூக்கிட்டு வர்றதும் ஃப்ரெஷ்ஷு" என்றான். மேஜைக்கு மேஜை போனேன். தச்சு வேலை செய்யும் கிழவன் ஒருவன் என் தட்டைத் தொடாமல் என்னைப் பார்த்து, "இதுல எந்தப் பக்கம் ரோஸ்ட்டு?" என்று கேட்டான். அவன் மகளுக்கு நான் ஐந்து வருஷம் கோச்சிங் கொடுத்திருக்கிறேன்.

அதன்பிறகு டெஸ் கொழுப்பு அளக்கும் அந்த இடுக்கியை எடுத்தான். நம் டிரெய்னருடைய இடுக்கி. அவன் கைக்கு அதைக் கொடுத்தது யார்? கார்லாவை மேடைக்குக் கூப்பிட்டான். "இந்தத் தொடையில எத்தனை மில்லிமீட்டர் கொழுப்புன்னு கரெக்டா சொல்றவங்களுக்கு ஒரு பியரு" என்றான். அவள் தொடையைக் கிள்ளிப் பிடித்தான். பதினெட்டு, இருபது, முப்பது என்று மாட்டுச் சந்தையில் ஏலம் கேட்பதுபோல் கத்தினார்கள். கண்ணாடி இல்லாமல் அவனுக்கு முள் தெரியவில்லை. "ரேலீனு, நீ படிம்மா" என்று மைக்கை உன்னிடம் கொடுத்தான். நீ குனிந்து பார்த்து, "இருபத்திரண்டு" என்று படித்தாய்.

அழகாக, தெளிவாகப் படித்தாய். கேன்டீனில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற குரலில்.

அறைக்கு வந்து கார்லாவிடம், ஓட்டெடுத்தபோது நீ ஏன் சரி என்றாய் என்று கேட்டேன். "என்ன ஓட்டு, கேப்டன்?" என்றாள்.

இனி என்ன சொல்ல. உன்னைப் பார்த்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கெரின்


வாரபீன்,
22 ஏப்ரல் 1996

கெரின்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை படிக்க மனமில்லை.

ஓட்டெடுக்கவில்லை. சரி. பொய் சொன்னேன். கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

ஆனால் நீ எழுதாமல் விட்ட ஒன்றை நான் எழுதுகிறேன். நான் இருபத்திரண்டு என்று படித்ததும் பப் முழுக்கச் சிரித்தது. உன்னைத்தான் நான் முதலில் பார்த்தேன், நீ என்ன செய்கிறாய் என்று. நீ சிரித்தாய், கெரின். பல் தெரியச் சிரித்தாய், பொய்ப்பல் உட்பட. நீ முகத்தைத் திருப்பியிருந்தாலாவது நான் மைக்கைக் கீழே வைத்திருப்பேன்.

டெஸ் சொல்லி அனுப்பியதையும் எழுதிவிடுகிறேன். பழைய உடையில் வருவதாகக் கார்லாவிடம் சொன்னாயாம். லீக் விதி உனக்குத் தெரியும். எல்லோரும் ஒரே உடை. மாறி வந்தால் ரெஃப்ரி உள்ளே விட மாட்டார். சனிக்கிழமை முதல் ஆட்டம். புது உடை அல்லது பெஞ்சு கூடக் கிடையாது, பார்வையாளர் வரிசைதான்.

ஃபிரிட்ஜில் உனக்குப் பிடித்த பூசணி சூப் இருக்கிறது. பின்கதவு பூட்டவில்லை.

ரேலீன்


28 ஏப்ரல்

அக்கா,

ஆமாம், சிரித்தேன்.

ஏன் என்று வாரம் முழுக்க யோசித்தேன். பப்பில் நாலு பேர் சிரித்தால் சிரித்துவிட வேண்டும், இல்லை என்றால் திமிர் பிடித்தவள் என்பார்கள், அடுத்த ஜோக் நம் மேல் வரும். ஏணி ஜோக்குக்கும் பத்தொன்பது வயதில் நான் சிரித்தேன். அன்று பழகிய வாய் தானாகத் திறந்துகொள்கிறது. என்னைப் பார்த்தாலும் எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது, நீ ஒருத்தி மட்டும் இல்லை.

நேற்றுப் பழைய பனியனையும் தொளதொள டிரவுசரையும் போட்டுக்கொண்டு வந்தேன். நீ பார்த்தாய். ரெஃப்ரி நல்லவர்தான், தலையைச் சொறிந்துகொண்டு, "கெரினு, எனக்கும் கஷ்டமா இருக்கு, ஆனா இப்படி விட முடியாதும்மா" என்றார். பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஏழு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பதினாலுக்கு நாலு என்று பின்னால் இருந்தோம். கார்லாவை இரண்டு தடிச்சிகள் நடுவில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார்கள். பந்து என் பக்கம் வெளியே வந்தது, எடுத்துக் கொடுத்தேன். அந்தத் தோல் உருண்டை கையில் பட்டதும் எழுந்துவிட்டேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். டிரெஸ்ஸிங் ரூமில் நீதான் முதுகு ஜிப்பை இழுத்துவிட்டாய். இருபத்தாறு பாயிண்ட் போட்டேன். ஜெயித்தோம். டெஸ் கீழ்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினான், முகத்தில் ஆச்சரியமே இல்லை. ஆட்டம் என்றால் நான் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்வேன் என்று அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் நேற்றுத் தெரிந்தது.

உன் அளவு சரியாகத்தான் இருந்தது.

கெரின்


வாரபீன்,
11 ஜூலை 1996

கெரின்,

பயிற்சியில் பார்க்கிறோம், பஸ்ஸில் பார்க்கிறோம், ஒரு வார்த்தை இல்லாமல் இரண்டரை மாதம் ஓட்டிவிட்டாய். பதினோரு ஆட்டத்தில் ஒன்பது ஜெயித்திருக்கிறோம், அதையாவது பேசலாம். உள்ளே இடமில்லாமல் ஜனங்கள் கதவோரம் நிற்கிறார்கள்.

இது அதற்காக எழுதவில்லை. கார்லா செவ்வாய்க்கிழமை மயங்கி விழுந்தாளே, லோரி சொன்னது மாதிரி அது ஃப்ளூ இல்லை. நேற்று நான் துண்டு எடுக்கப் போனபோது கழிப்பறையில் சத்தம் கேட்டது. கதவைத் தட்டினேன். "ஒண்ணுமில்ல ரேலீன், பல்லு தேய்க்கிறேன்" என்றாள். பல் தேய்க்கிற சத்தம் எனக்குத் தெரியாதா? உள்ளே போய்ப் பார்த்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் வெறும் மஞ்சள் தண்ணீர். விரல் மூட்டில் பல் பட்ட காயம், ஆறினதும் ஆறாததுமாக. நான் தரையைத் துடைத்தேன். அவள் பக்கத்தில் நின்று, "அட்டவணைல பத்தொம்போதுன்னு போட்டுடுங்க, இந்த வாரம் கண்டிப்பா வந்துடும்" என்றாள்.

அட்டவணை என் கையெழுத்தில் இருக்கிறது. இதற்கு மேல் கூடாது என்று சிவப்பு மையில் கோடு போட்டதும் நான்தான். கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பன்றி வரைந்திருந்தேன், சிரிப்பதற்காக. எல்லோரும் சிரித்தார்கள்.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஒரு மாதம் ஆடக் கூடாது என்கிறார். நீ அவளிடம் பேசு. நீ சொன்னால் கேட்பாள். அவள் உன்னைத்தான் கடவுள் மாதிரி பார்க்கிறாள்.

ரே


13 ஜூலை

அக்கா,

பேசினேன். பேசியபின் இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மே மாதம் ஒரு நாள் அவள் அழுதுகொண்டு வந்தாள், எத்தனை ஓடியும் அளவு குறையவில்லை என்று. கொழுப்பு டெஸ்ட்டுக்கு முன்னால் மூன்று நாள் எப்படிச் சமாளிப்பது என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, என்ன சாப்பிடுவது, எதை நிறுத்துவது என்று ஒரு காகிதத்தில் எழுதியே கொடுத்தேன். பன்னிரண்டு சீசனாக நான் அப்படித்தான் ஒவ்வொரு டெஸ்ட்டையும் தாண்டினேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று ஞாபகம் இருக்கிறதா? எண்பத்தைந்தில், உன் காரில், பயிற்சிக்குப் போகும் வழியில், சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் நல்ல காரியம் செய்கிற நினைப்பில்தான் அவளுக்குச் சொன்னேன்.

அந்தக் காகிதத்தை அவள் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறாள். கேட்டு வாங்கிக் கிழித்தேன். "பரவால்ல கேப்டன், எனக்கு மனப்பாடம்" என்றாள்.

டெஸ் இடுக்கியை எடுத்தது ஒரு நாள். நாம் இரண்டு பேரும் வருஷம் முழுக்கக் கையில் வைத்திருந்தோம்.

கெ.


மில்டுரா,
1 செப்டம்பர் 1996

அக்கா,

கார்லாவின் வீட்டுச் சமையலறையிலிருந்து எழுதுகிறேன். நேற்றுக் காலை அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். இந்தச் சீசன் முடிந்தது, எனக்கும் அவளுக்கும்.

வெள்ளிக்கிழமை நீ ஜுரத்தில் படுத்திருந்தாய், அதனால் பப்பில் நடந்தது உனக்கு டெஸ்ஸின் வாயால்தான் வந்திருக்கும். என் வாயாலும் கேள். டாக்டர் சொன்ன மாதம் முடிந்து கார்லா ஆகஸ்டில் திரும்பி ஆட வந்தாள் அல்லவா, வந்தபோது இன்னும் இளைத்திருந்தாள். தவளைத்தோல் அவளுக்கு மட்டும் தொளதொளவென்று தொங்கியது. வேண்டாம், நீ உட்காரு என்றேன். ஃபைனல்ஸ் அணியில் பெயர் போய்விடும் என்று அவளே போய் மேடையில் ஏறினாள். டெஸ் கிள்ளிப் பிடிக்கப் பார்த்தான், பிடி கிடைக்கவில்லை. எப்படியோ பிடித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பதினொன்று என்று படித்தான். "பார்த்துக்கங்கப்பா, நம்ம கடைக் கறில கொழுப்பே கிடையாது" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள், அக்கா. அவள் குனிந்து வணக்கம் சொன்னாள். பாயிண்ட் போட்டபோது கூட அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

என் கையில் தட்டு இருந்தது. அவன் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும் என்று நீ நினைப்பாய். நானும் வண்டி ஓட்டிய நேரம் முழுக்க அதையே நினைத்தேன். ஆனால் அப்போது தோன்றவில்லை. தட்டை பார் மேஜையில் வைத்தேன், மேடை ஏறி அவள் கையைப் பிடித்து இறக்கினேன். "கெரினு, அடுத்த சனிக்கிழமை செமி ஃபைனல்" என்றான் டெஸ், மிகவும் அன்பாக. எனக்குத் தெரியும் என்றேன். ட்ராக் சூட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம்.

கார்லாவின் அப்பா திராட்சைக் கொடிகளுக்குள் நிற்கிறார், என்னிடம் பேசுவதில்லை. பேசாதது சரிதான். அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீங்க தானே கேப்டன்? நீங்க இருக்கீங்கன்னுதானே அனுப்பினோம்?"

தட்டில் பாஸ்தா வைத்தார், முழுக்கச் சாப்பிட்டேன். கார்லா நாலு வாய் சாப்பிட்டாள், அப்புறம் எழுந்தாள். அம்மா பின்னாலேயே எழுந்து போய்க் கழிப்பறை வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கெரின்


வாரபீன்,
9 செப்டம்பர் 1996

என் கெரின்,

செமி ஃபைனல் ஜெயித்துவிட்டோம். இரண்டு பாயிண்டில். எப்படி என்று என்னைக் கேட்காதே, நான் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அடுத்த சனிக்கிழமை ஃபைனல், நம் தகரக் கொட்டகையிலேயே.

நீ எழுதியதைப் படித்துவிட்டு அட்டவணையைக் கழற்றிவிட்டேன். கமிட்டியிடம் உன் கையெழுத்தை நான்தான் போட்டேன் என்றும் சொன்னேன். டெஸ் சிரித்துவிட்டு, "அதனாலென்ன, குடும்பம்தானே" என்றார். கமிட்டி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. நான் இன்னும் மேனேஜர்தான். விலகிவிடு என்பாய். ஃபைனல் முடியட்டும் என்று எனக்குள் ஒருத்தி சொல்கிறாள், அவளை என்னால் அடக்க முடியவில்லை.

டெஸ் இன்று வீட்டுக்கே வந்தார். நீ இல்லாமல் ஃபைனலில் பதினைந்து பாயிண்டில் தோற்போம் என்று லோரி சொல்லியிருக்கிறார். அதனால் டெஸ் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். அந்தத் துணி உன் தோலுக்கு அலர்ஜி என்று ஒரு டாக்டர் சீட்டு. லீக்கில் பேசி முடித்துவிட்டார், நீ ஒருத்தி பழைய பனியனும் டிரவுசரும் போட்டு ஆடலாம். உனக்கு மட்டும் விலக்கு. பப்புக்கும் நீ வர வேண்டியதில்லை. மற்றப் பெண்கள் வெள்ளிக்கிழமை வழக்கம்போல் தட்டு எடுப்பார்கள்.

நீ கேட்டது கிடைத்துவிட்டது. பன்னிரண்டாவது சீசன், கடைசி சீசன், கோப்பை கதவோரம் நிற்கிறது. நான் நல்லவள் இல்லை, ஆனால் இதைப் பொய்யாக எழுதவில்லை: உன் கையில் அதைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. எண்பத்தேழுக்காக உன்னைக் குத்திக் காட்டினதெல்லாம் என் வயிற்றெரிச்சல். ஃப்ரீ த்ரோ போடுகிற உன் கையில் நடுக்கம் இருந்ததற்குக் காரணம் மூன்று நாள் பட்டினி என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

வா. டாக்டர் சீட்டு மேஜை மேல் இருக்கிறது. நீ ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். இந்தத் தடவை நான் போடவில்லை.

அக்கா


மில்டுரா,
11 செப்டம்பர் 1996

அக்கா,

அலர்ஜி என்பது உண்மைதான். டாக்டருக்கே தெரியாமல் சரியாக எழுதிவிட்டார்.

உன் கடிதம் வந்ததும் கார்லாவிடம் படித்துக் காட்டினேன். "போங்க கேப்டன், நீங்க போகணும்" என்றாள். மனதாரச் சொன்னாள். அவள் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், கழுவுவதை நிறுத்தினார், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே போய்க் கொடிகளுக்கு நடுவே ரொம்ப தூரம் நடந்தேன். நான் பனியனும் டிரவுசருமாக நடுவில் நிற்பேன், மற்ற நாலு பேரும் என்னைச் சுற்றித் தவளைத்தோலில் ஓடுவார்கள். அதற்கு முந்தின நாள் அவர்கள் தட்டு தூக்குவார்கள், நான் வீட்டில் உன் பூசணி சூப்பைக் குடித்துக்கொண்டு கால் நீட்டி உட்கார்ந்திருப்பேன். கார்லா இடத்தில் வேறு ஒருத்தி மேடை ஏறுவாள். நான் பார்க்கவில்லை, அதனால் சிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. டெஸ் என்னை நன்றாக அளந்திருக்கிறான். விலக்கு எனக்கு மட்டும் என்றால் நான் வரமாட்டேன். கையெழுத்தும் போட மாட்டேன், நீயும் போடாதே.

இதை எழுதிவிட்டேன், மனம் லேசாயிற்று என்று நினைக்காதே. ஒன்றும் லேசாகவில்லை. நேற்றுக் கார்லாவின் அப்பா கொட்டகைச் சுவரில் ஒரு பழைய வளையம் அடித்துக் கொடுத்தார். கை வலிக்கும்வரை ஃப்ரீ த்ரோ போட்டேன். ஐம்பதில் நாற்பத்தாறு. இந்தக் கை இந்த வருஷம்தான் இப்படி வந்திருக்கிறது, இனி வராது. நீங்கள் தோற்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஜெயிக்க வேண்டும் என்றுதான் வருகிறது. அதுவும் எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது.

பேப்பரை நான் திறக்கப் போவதில்லை, இந்த வீட்டில் ரேடியோவையும் எடுத்து வைத்துவிட்டார்கள். உனக்கு ஒரே வேண்டுகோள். சனிக்கிழமை ஆட்டம் எத்தனை மணிக்கு என்று எழுதிவிடாதே. தெரிந்தால் வந்துவிடுவேன்.

கெரின்